கோபக்காரருக்கு எந்தத் தியானம்?

அன்புள்ள ஐயா,

கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். சில மாதமாக மூச்சைக் கவனித்து உட்காருகிறேன். பத்து நிமிடம் போனதும் பாகப்பிரிவினையில் அண்ணன் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். 'தத்தனேரி சுடுகாட்டில் போய்க் கொஞ்ச நேரம் நின்று பார், எல்லாம் அடங்கிவிடும்' என்கிறார் நண்பர். போகலாமா?

க., வில்லாபுரம்

அன்புள்ள க.,

தத்தனேரிக்குப் போக வேண்டாம். பிணத்தைப் பார்த்துச் செய்யும் அசுப தியானம் ஆசை மிகுந்தவர்களுக்கானது. கோபக்காரர் அதை எடுத்தால், இருக்கிற வெறுப்பு போதாதென்று உடம்பின் மேலும் வெறுப்பு வரும். வைசாலியில் அதைச் செய்த பிக்குகள் பலர் உடம்பை அருவருத்து உயிரை மாய்த்துக்கொண்டார்கள், அதன் பிறகே புத்தர் மூச்சுத் தியானத்தைச் சொன்னார் என்று சம்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூலில் வருகிறது. மனச்சோர்வு உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற பிக்கு எழுதிய விசுத்திமக்கம் என்ற தியான நூலில் தியானப் பொருள்கள் 40, மனிதர்களின் இயல்பு 6 வகை. மூச்சு, அறிவு மயக்கம் மிகுந்தவருக்கும் எண்ணம் ஓடிக்கொண்டே இருப்பவருக்கும். கோபக்காரருக்கு மைத்ரி, அதாவது பிறர் நலமாக இருக்க நினைப்பது, முதலான நான்கும், நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்ற நிறத் தியானங்கள் நான்கும். ஆளைக் கண்டுபிடிக்க அவர் சொல்லும் வழி வேடிக்கையானது: கோபக்காரர் துடைப்பத்தை இறுக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் மணலை வாரியிறைத்து, கரகரவென்று பெருக்குவாராம். புளிப்பு பிடிக்குமாம், அப்படிப் பார்த்தால் மதுரையில் பாதிப் பேர் தேறமாட்டார்கள். இதெல்லாம் ஆசிரியர்கள் கருத்துதான், அப்படியே நம்பிவிட வேண்டாம் என்று அவரே எழுதியிருக்கிறார்.

நீங்கள் மைத்ரியை எடுங்கள். எல்லாரும் சறுக்குவது வரிசையில்தான். எடுத்த எடுப்பில் அண்ணனை நினைத்து 'நன்றாக இருக்கட்டும்' என்றால் தாடைதான் இறுகும். முதலில் உங்களையே நினைத்து, 'நான் பகையின்றி, துன்பமின்றிச் சுகமாக இருப்பேனாக'. அடுத்து நீங்கள் மதிக்கும் ஒருவர். உயிரோடு இருப்பவராக இருக்க வேண்டும், நீங்கள் ஆண் என்றால் அவரும் ஆணாக. இறந்துபோன அப்பா கூடாது, மனம் நிலைக்காது. பிறகு நெருங்கிய நண்பர். பிறகு பிடிக்கவும் வெறுக்கவும் காரணமில்லாத ஒருவர், தினமும் பஸ்ஸில் பார்க்கும் கண்டக்டர் மாதிரி. இந்தப் படிதான் பலருக்கும் சப்பென்று இருக்கும், தாண்டி ஓடப் பார்ப்பார்கள். நிறைய நாள் இங்கேயே இருங்கள். அண்ணன் கடைசியில். கோபம் மூண்டால் மல்லுக்கட்டாமல் முந்தின ஆளிடம் திரும்புங்கள்.

சொற்களே எரிச்சலாக இருக்கும் நாளில் வெள்ளை நிறம். ஒரு தட்டில் மல்லிகையைக் காம்பு தெரியாமல் பரப்பி, இரண்டரை முழம் தள்ளி உட்கார்ந்து, 'வெள்ளை, வெள்ளை' என்று பாருங்கள். உற்று முறைத்தால் கண் வலிக்கும். பூவின் மணம் இழுத்தால் வெள்ளைத் துணி போதும்.

மூச்சை அடியோடு விட வேண்டியதில்லை. அலைச்சல் மட்டும் இருக்கும் நாளில் எண்ணிக்கையோடு செய்யுங்கள். ஐந்துக்குக் குறையாமல், பத்துக்கு மேல் போகாமல்.

எதுவும் பலிக்காவிட்டால் புத்தகோசரின் கடைசி யோசனை: அண்ணனுக்கு ஒரு பொருளைக் கொடுங்கள், அவர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காகப் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. பத்திர வேலை அதுபாட்டுக்கு நடக்கட்டும்.