பிர்ச் குச்சிக்கு வேர் வந்த பிறகு: மலைத்தோட்டக் கேள்வி பதில்

வெள்ளைப் பட்டைக்காக வளர்க்கப்படும் பிர்ச் மரத்தைக் குச்சியிலிருந்து பெருக்குவது குறித்து நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு, உதகையில் ஒரு சிறு நாற்றங்கால் நடத்தி வருபவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (குன்னூர்): ஐயா, நாங்கள் தலைமுறையாகத் தேயிலை நாற்று போடுகிறவர்கள். ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள தேயிலைக் குச்சியை வைப்பது போலவே பிர்ச் குச்சியையும் வைக்கலாமா?

பதில்: அப்படி வைத்தால் பெரும்பாலும் அழுகிப்போகும். தேயிலை பசுமை மாறாத செடி. அதன் ஒற்றை இலை தடித்தது, குச்சி வேர் விடும் வரை மாதக்கணக்கில் அதற்குச் சோறு போடக்கூடியது. பிர்ச் இலையுதிர் மரம். அதன் இலை மெல்லியது. வெட்டிய சில நிமிடங்களிலேயே துவளத் தொடங்கிவிடும். ஆகவே அவ்வாண்டுத் தளிரின் நுனியை, 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தில், மூன்று நான்கு இலைகளுடன் எடுக்க வேண்டும். உதகைக் குளிருக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிய ஏற்ற காலம். தளிரின் அடிப்பகுதி லேசாக விறைத்து, நுனி இன்னும் இளசாக இருப்பதே சரியான பதம். இலை உதிர்ந்த பின் எடுக்கும் கடினத்தண்டுக் குச்சி பிர்ச்சில் வேர் விடுவது அரிது என்பதால், குளிர்காலக் கவாத்தில் விழுந்த கிளைகளை ஊன்றிப் பார்ப்பது வீண் வேலை.

அதிகாலையில் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, அரை மணி நேரத்துக்குள் ஊன்றிவிடுங்கள். தேயிலைக்கு நாம் பயன்படுத்தும் அடிமண் இதற்கு இறுக்கமானது. தென்னை நார்க்கழிவும் பெர்லைட் என்னும் எடை குறைந்த வெண்கல் துகளும் சம பங்கு கலந்தால் நீர் நில்லாது, ஈரமும் போகாது. தேயிலை நாற்றங்காலிலிருந்து நீங்கள் அப்படியே கொண்டுவரக்கூடியவை நிழலும் காற்றின் ஈரமும்தான்.

கேள்வி (கோத்தகிரி): வேர் ஊக்கி மருந்து அவசியமா? எந்த அளவில்?

பதில்: அவசியம். இண்டோல் பியூட்டிரிக் அமிலம் கலந்த பொடியாக வாங்குங்கள். 3000 முதல் 4000 பி.பி.எம். வரை, அதாவது ஒரு கிலோ பொடியில் 3 முதல் 4 கிராம் மருந்து இருந்தால், இளம் தாய்ச்செடியின் குச்சிக்குப் போதும். வேர் விட அடம்பிடிக்கும் வகைகளுக்கு 8000 வரை போகிறார்கள். அடி நுனியில் ஒரு சென்டிமீட்டர் தொட்டு, மிகுந்த பொடியைத் தட்டிவிட்டு ஊன்ற வேண்டும். அப்பிக்கொண்டால் அடித்தண்டு கருகும்.

கேள்வி (கொடைக்கானல்): ஐயா, மே மாதம் வைத்த குச்சிகள் ஜூலையில் நன்றாகவே வேர் விட்டன. மகிழ்ச்சியோடு ஒவ்வொன்றையும் தனித்தனித் தொட்டிக்கு மாற்றினேன். இலை உதிர்ந்தது, குளிர்காலத் தூக்கம் என்று நினைத்தேன். மார்ச்சில் ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை. நான் செய்த தவறு என்ன?

பதில்: அம்மா, நீங்கள் கேட்டிருப்பதுதான் பிர்ச் வளர்ப்பின் மையமான கேள்வி. என் முதல் தொகுதியிலும் பாதிக்கு மேல் வேர் விட்டன. அடுத்த வசந்தத்தில் துளிர்த்தவை நான்கே நான்கு. தவறு வேர் பிடித்ததில் இல்லை, அதற்குப் பிறகு குச்சி வளராமலே உறங்கப் போனதில் இருக்கிறது. வேர் விடுவதற்கே தன் சேமிப்பைச் செலவழித்துவிட்ட குச்சி, புதுத் தளிர் விட்டு, அந்த இலைகளால் மாவுச்சத்தைச் சேர்த்துக்கொண்டு உறங்கினால்தான் அடுத்த ஆண்டு மொட்டு விரிக்க அதனிடம் கையிருப்பு இருக்கும். வேர் மட்டும் இருந்து சேமிப்பு இல்லாத குச்சி, கிழங்கில்லாத டேலியா போன்றது.

குளிர்நாடுகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. நம் மலையில் அது இன்னும் கடுமையாவதற்கு ஒரு காரணம் இருக்கிறது: பகலின் நீளம். பிர்ச் வளரலாமா உறங்கலாமா என்பதைப் பெரிதும் பகலின் நீளத்தை வைத்தே முடிவு செய்கிறது. வெள்ளி பிர்ச்சைத் தேசிய மரமாகக் கொண்ட பின்லாந்தின் தென்கோடியில்கூட ஜூன் மாதப் பகல் ஏறத்தாழ 19 மணி நேரம். உதகையிலும் கொடைக்கானலிலும் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணியை எட்டுவதில்லை. நமக்கு அது நடுக்கோடை. வடக்கிலிருந்து வந்த மரத்தின் கணக்கிலோ இலையுதிர் காலம் நெருங்கிவிட்டது. குளிரும் மண்ணும் பொருந்தினாலும் அது நுனிமொட்டை மூடிக்கொண்டு நின்றுவிடுகிறது.

இதற்கு மருந்து விளக்குதான். குச்சி ஊன்றிய நாளிலிருந்தே, மாலை 6 மணிக்கு மஞ்சள் ஒளி தரும் சாதாரண எல்.இ.டி. விளக்கைத் தட்டுக்கு ஒரு மீட்டர் உயரத்தில் எரியவிட்டு, இரவு 10 மணிக்கு அணையுங்கள். காலை 6 மணி முதல் கணக்கிட்டால் 16 மணி நேரப் பகல் கிடைத்துவிடும். மரத்துக்கு இது உணவாகும் வெளிச்சம் இல்லை. பகல் இன்னும் முடியவில்லை என்று சொல்லும் செய்தி மட்டுமே, ஆகவே பெரிய விளக்கு வேண்டியதில்லை. வேர் பிடித்ததும் மென்மையான உரநீர் கொடுத்து, இரண்டு மூன்று புது இலைகளாவது விரியும் வரை தட்டிலேயே விட்டுவையுங்கள். அக்டோபர் நடுவில் விளக்கைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினால், உறைபனி இறங்குமுன் தண்டு முற்றிவிடும். தளிர் விடாமலே இலை உதிர்த்த குச்சியை எக்காரணம் கொண்டும் அசைக்காதீர்கள். அடுத்த வசந்தத்தில் மொட்டு விரிந்த பிறகுதான் அதைத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். ஜூலையில் மாற்றியதால் உங்கள் குச்சிகள் இருந்த வேரையும் ஓரளவு இழந்திருக்கும்.

கேள்வி (உதகை): எங்கள் வீட்டு மரத்துக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது. அதிலிருந்து குச்சி எடுக்கலாமா?

பதில்: மேல்கிளைகளிலிருந்து எடுத்தால் ஏமாற்றமே கிடைக்கும். தாய்மரத்துக்கு வயது ஏற ஏற அதன் குச்சி வேர் விடும் ஆற்றலை இழக்கிறது. அடிமரத்தில் வேருக்கு அருகே தானாகக் கிளம்பும் தளிர் இருந்தால் அதை எடுங்கள். மரம் முதிர்ந்தாலும் அந்த இடத்தின் இளமை பெரிதும் குறைவதில்லை. அதில் வரும் செடிகளில் இரண்டை ஆண்டுதோறும் முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தாய்ச்செடியாக வைத்துக்கொண்டால், பின்னர் இந்தக் கவலை எழாது.

கேள்வி (குன்னூர்): குச்சிகள் வாடாமல் நுண்ணிய நீர்த்துளி தெளிக்கும் நீர்ப்புகை அறை அமைக்க வசதியில்லை. பிளாஸ்டிக் பையால் மூடலாமா?

பதில்: ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு நம் மாவட்டத்தில் தடை இருக்கிறது, அது இருக்க வேண்டியதும்கூட. மூடியுள்ள ஒளி ஊடுருவும் பெரிய டப்பா ஒன்று பத்தாண்டுக்கு வரும். நேர்வெயில் படாத நிழலில் வைத்து, நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து காற்று விட்டு, விழுந்த இலையை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள். பூஞ்சை அதிலிருந்துதான் பரவும். ஜூன் மழையில் உதகைக் காற்றே ஈரமாக இருப்பதால் வேலை பாதி குறையும். அடிமண்ணின் சூடு 20 டிகிரி அளவில் இருந்தால் நான்கு முதல் எட்டு வாரத்தில் வேர் வரும். நம் இரவுக்குளிரில் அது தாமதமாகலாம் என்பதால் தட்டைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் வையுங்கள்.

கேள்வி (மஞ்சூர்): விதை போட்டாலே வருமே, குச்சி எதற்கு? என் நாற்றின் பட்டை பழுப்பாகவே இருக்கிறதே?

பதில்: விதையில் வரும், நன்றாகவே வரும், குளிர்பெட்டியில் ஆறு வாரம் ஈரத்தோடு வைத்து, மண் மூடாமல் மேலே தூவி விட்டால் போதும், அதன் விதைக்கு வெளிச்சம் வேண்டும். ஆனால் இமயமலை பிர்ச்சின் விதை நாற்றுகளில் ஒன்று தூய வெள்ளையாகவும் இன்னொன்று செம்பழுப்பாகவும் வளரும். காஷ்மீரப் பண்டிதர்கள் ஏடாகப் பயன்படுத்திய பூர்ச்சப் பட்டை இந்த மரத்தினுடையதே. விரும்பிய வெண்மையை மாறாமல் பெறக் குச்சியோ ஒட்டோதான் வழி. உங்கள் நாற்றைப் பற்றி இப்போதே முடிவு செய்யாதீர்கள்: இளம் பிர்ச் எல்லாமே பழுப்புதான். பட்டையில் பெட்டுலின் என்னும் பொருள் சேரச் சேர, சில ஆண்டுகளில்தான் வெண்மை தெரியும்.

கேள்வி (கொடைக்கானல்): தொங்கும் கிளை வகையைக் குச்சியில் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் கொம்பு கட்டி நிமிர்த்தாவிட்டால் தரையில் படர்ந்துவிடும். வெள்ளி பிர்ச் நாற்றின் தண்டில் ஆளுயரத்தில் ஒட்டுக் கட்டுவதே முறை. ஜனவரி இறுதியில், வேர்ச்செடியில் சாறு ஏறுமுன் கட்டுங்கள்.

கேள்வி (கூடலூர்): எங்கள் ஊரில் வருமா?

பதில்: ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் மொட்டு விழிக்கத் தேவையான குளிர் கிடைக்காது. வெள்ளி பிர்ச்சையும் இமயமலை பிர்ச்சையும் மறந்துவிடுங்கள். ஆசை விடாவிட்டால், வடகிழக்கு இந்தியாவிலிருந்து தாய்லாந்து வரை இயல்பாக வளரும் பெட்டுலா அல்னாய்டஸ் என்னும் பிர்ச் வகையைத் தேடுங்கள். வெள்ளைப் பட்டை இருக்காது. கீறினால் நம் மலையின் விண்டர்கிரீன் தைல வாசனை வரும்.

கேள்வி (உதகை): அவலாஞ்சிப் பக்கம் எங்களுக்குப் புல்வெளியை ஒட்டி நிலம் இருக்கிறது. வரிசையாக நட்டால் அழகாக இருக்குமல்லவா?

பதில்: தயவுசெய்து அங்கே நடாதீர்கள். பிர்ச் விதை இறகு முளைத்த தூசு போன்றது, காற்றில் வெகுதூரம் போகும். திறந்த வெளியில் முதலில் குடியேறும் இயல்புள்ள மரம் அது. 19ஆம் நூற்றாண்டில் விறகுக்கென்று வந்த சீகை (வாட்டில்) மரம் நம் புல்வெளிகளை எப்படி விழுங்கியது என்பதை அந்தப் பக்கத்தில் வாழும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு முற்றத்தில், சோலையிலிருந்தும் புல்வெளியிலிருந்தும் விலகிய இடத்தில், ஒன்றோ இரண்டோ போதும். உங்கள் நிலத்துக்கு நாவல் இனச் சோலை மரக்கன்றுகளைத் தேடித் தர நான் அணியமாக இருக்கிறேன்.

கேள்வி (கோத்தகிரி): பிப்ரவரியில் கிளை வெட்டினேன். வெட்டிய இடத்தில் இரண்டு நாளாக நீர் சொட்டுகிறது. மரம் பட்டுப்போகுமா?

பதில்: போகாது. மொட்டு விரியுமுன் வேர் அழுத்தத்தால் ஏறும் சாறு அது; இலை விரிந்ததும் தானே நிற்கும். தார், மெழுகு எதுவும் பூச வேண்டாம். அடுத்த முறை இலைகள் முழுதாக விரிந்த பின், ஜூன் வாக்கில் வெட்டுங்கள்.