செர்ட்ரலின் போட்டு மூன்று வாரம், மாற்றமில்லை. நிறுத்தலாமா?

உப்புவெளியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ரலின் குளிசை 50 மில்லிகிராம் போடத் தொடங்கி மூன்று வாரம், வயிற்றைப் பிரட்டுகிறது, மனம் தெளியவில்லை, விட்டுவிடலாமா என்று. நீங்களாக விடவேண்டாம். இது பனடோல் மாதிரி அரை மணித்தியாலத்தில் வேலை செய்கிற குளிசை இல்லை. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரமும் ஆகலாம். பக்கவிளைவுதான் முந்திக்கொண்டு வரும். சாப்பிட்டபின் போட்டால் பிரட்டல் சிலருக்குக் குறையும். குறையாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்று, எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்தது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். (என் மாமி ஒருமுறை தன்பாட்டில் நிறுத்திவிட்டு, பிரஷர் கூடிவிட்டதென்று வீட்டையே கலக்கினார்.) சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள், அப்புறம் படிப்படியாகக் குறைப்பார்கள்.

நாரிநோவுக்குப் பாமசியில் இபுபுரோஃபனோ டைக்குளோஃபெனாக்கோ கேட்குமுன் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். இந்த வலிக்குளிசைகள் செர்ட்ரலினோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடும். டிரமடோல் என்ற வலிமருந்து இன்னும் சிக்கல். சாராயம் வேண்டாம்.

முக்கியமாக, தொடக்க வாரங்களில், அதுவும் 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, தற்கொலை எண்ணம் கூடலாம். அப்படியென்றால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே திருகோணமலை பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு. தேசிய மனநல உதவி எண் 1926.