மதுரையில் உண்ணவும் வாங்கவும்

கேள்வி: குடும்பத்துடன் மதுரைக்குச் செல்லவிருக்கிறோம். அங்கே எதைச் சாப்பிடலாம், ஊருக்கு என்ன வாங்கி வரலாம்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அண்மையில் மதுரை சென்றபோது நான் மனம் நிறைந்து உண்டது கறிதோசை. கனமான தோசையின் மேல் முட்டையை ஊற்றிப் பரப்பி, அது இறுகுமுன் மிளகு மணக்கும் ஆட்டுக்கறியை அள்ளி வைத்து, திருப்பிப் போட்டு வேகவிடுவதால், கறியும் தோசையும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கின்றன. குழம்பைத் தவிர வேறு துணை அதற்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. பிறகு கடற்பாசி, நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால் சேர்ந்த ஜிகர்தண்டாவையும் தவறவிடாதீர்கள்.

ஊருக்கு வாங்க, 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் ஏற்றது. உடைத்தால் ‘படக்’கென முறிய வேண்டும், கையில் பிசுபிசுத்தால் வேண்டாம். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா வாங்குவதானால், புறப்படும் நாளன்றே வாங்குங்கள்.