ஓர் இரவு பொறுக்க முடியுமா?

கேள்வி: ஈர அக்ரிலிக் வண்ணத்தின் மேல், சமையலறையில் பாத்திரம் மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக் கசக்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து எடுத்தேன். கோடுகள் எல்லாம் வழிந்து சேறாகிவிட்டன. எங்கே தவறினேன்?
– வாசகி, காசிமேடு

பதில்: அவசரத்தில்தான். அக்ரிலிக்கில் உள்ள நீர் வெளியேறினால்தான் வண்ணம் இறுகும். நீங்களோ அதற்கு மூடி போட்டுவிட்டீர்கள். ஓரங்கள் வழியாகக் கசிந்துதான் அது போக வேண்டும். போதாக்குறைக்கு நம் பக்கத்துக் கடல்காற்று வேறு. தண்டையார்பேட்டையில் என் வீட்டு மாடியறையில் ஐப்பசி மழையில் போர்த்திய தாளை மறுநாள் மாலைதான் உரித்தேன். குறைந்தது ஓர் இரவு விடுங்கள். ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்து, விரலில் வண்ணம் ஒட்டினால் பழையபடி படுக்கவைத்துவிடுங்கள். காய்ந்துவிட்டால் முரண்டு பிடிக்காமல் உரிந்து வரும்.

தாளைக் கையில் உருட்டிக் கசக்கிவிட்டுப் போடாதீர்கள். படத்தைவிடப் பெரிதாக வெட்டி, தளர்வாக விரித்து, விரல்நுனியால் மடிப்புகளைக் கூட்டுங்கள். தாள் ஒட்டிய இடத்தில் வண்ணம் தேங்கிக் கறுக்கும். காற்று புகுந்த இடம் வெளிறும். ஒரே பக்கமாக இழுத்தால் புடவைக் கொசுவம். நாலாபுறமிருந்தும் நடுவை நோக்கிக் கிள்ளினால், உங்கள் துறைமுகத்தில் மீன் கூடையில் கொட்டுகிறார்களே, அந்த உடைத்த ஐஸ்!

நான் முதலில் கடுகு மஞ்சளைப் பூசி முழுக்கக் காயவிடுவேன். அதன் மேல் கரும்பச்சை, மோர் பதத்தில். நீர்மோர் ஆக்கிவிட்டால் வண்ணத்தைப் பிடித்துவைக்கும் பசை வலுவிழந்துவிடும். பள்ளி ஓவிய நோட்டுத் தாள் அப்பளமாய்ச் சுருளும். பாரிமுனை ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைகளில் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத்தில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: சுருக்கம் தானாக விழுகிறது. இதை நான் வரைந்த படம் என்று சொல்லிக்கொள்ளலாமா?
– அதே வாசகி

பதில்: 1930களில் ஸ்பெயின் ஓவியர் ஆஸ்கர் டொமிங்கெஸ், ஈர வண்ணத்தின் மேல் தாளை அழுத்தி எடுத்துப் படம் செய்தார். ஜெர்மன் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் அதே வழியைத் தைல வண்ணத்துக்குக் கொண்டுபோய், விழுந்த கறைகளில் காடும் பறவையும் கண்டு, தூரிகையால் மீதியைத் தீட்டினார். யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை!

பழைய நாள்காட்டி அட்டையில் உள்ளங்கை அளவு சன்னல் வெட்டி, காய்ந்த படத்தின் மேல் நகர்த்திக்கொண்டே வாருங்கள். கண் நிற்கும் இடத்தை மட்டும் வெட்டிச் சட்டமிடுங்கள். சென்ற மாதம் நான் செய்த 6 தாள்களில் தேறியது இரண்டு துண்டுகள். மீதியெல்லாம் பேத்தியின் பாடப்புத்தகங்களில் பக்க அடையாளமாகச் செருகிக் கிடக்கின்றன.