வேடந்தாங்கலில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 47. தாம்பரம் பக்கம் ஒரு பள்ளியில் 20 வருடமாகத் தமிழ் ஆசிரியை. இதை ஒரு பிரச்சினை என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. வேலை போனவர்கள், வீட்டில் அடி வாங்குகிறவர்கள் எல்லாம் உங்களுக்கு எழுதுவார்கள். பறவைகளைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று நான் எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் பதினைந்து பேர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு 'இயற்கை நடை' போகிறோம். பள்ளிக்கரணை, நன்மங்கலம் காடு என்று சுற்றிவிட்டுப் போன மாதம் வேன் வைத்து வேடந்தாங்கல் போனோம். போய் வந்ததும் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குப் படம் போடுவார்கள், கூடவே நாலு வரி கவிதை. நான் தமிழ் டீச்சர் இல்லையா, வேனை விட்டு இறங்கும்போதே "டீச்சர், இன்னைக்கு என்ன கவிதை?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

ஏரிக்கரையில் நின்றோம். தண்ணீருக்குள் மரங்கள். மரம் முழுக்க நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும். பக்கத்தில் நின்ற அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குத் திருத்தாத விடைத்தாள் கட்டு ஞாபகம் வந்தது. கேஸை மூடினேனா என்று யோசித்தேன். 'ரசி, இப்போது ரசி' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல இருந்தது. மற்ற இடங்களிலும் கொஞ்சம் இப்படித்தான். அங்கே ரொம்ப.

அன்று ராத்திரி வெண்சிறகு, வானம் எழுதிய மடல் என்று எதையோ ஒட்டுப்போட்டு நாலு வரி அனுப்பினேன். குழுவில் அத்தனை பேரும் இதயம் போட்டார்கள். அப்போதுதான் அழுகை வந்தது. காப்பியடித்து முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வேடந்தாங்கல் எனக்குப் புது இடமும் இல்லை. அந்த ஏரித் தண்ணீர் பாயும் நிலம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் உண்டு. பத்தாவது வரை அங்கேதான் வளர்ந்தேன். அப்பா தவறி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். அப்பாவும் கவிதை, ரசனை என்று இருந்தவர் இல்லை. கூழைக்கடாவைக் காட்டி, "நம்ம உரக்கடை மரத்து மேல உக்காந்திருக்கு பாரு" என்பார். அவர் ரசனை அவ்வளவுதான். ஒருவேளை இது அவரிடமிருந்து எனக்கு வந்ததோ என்னவோ.

திரும்பும்போது எங்கள் நிலத்துக்குப் போகிற திருப்பத்தை வேன் கடந்தது. நிறுத்தச் சொல்லவில்லை, நேரமாகிவிட்டது. முன்கண்ணாடியில் விழுந்த எச்சத்தைத் துடைத்துத் துடைத்து டிரைவர் திட்டிக்கொண்டே வந்தார். ஏனோ எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்காரர் தைராய்டு பார்க்கச் சொன்னார். பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. தூக்கம், சாப்பாடு, வேலை எதிலும் குறை இல்லை. வகுப்பில் சிரிக்கவும் செய்கிறேன். அழகைப் பார்க்கிற ஏதோ ஒன்று மட்டும் எனக்குள் செத்துவிட்டதா? அது திரும்ப வருமா?

இப்படிக்கு,
ஒரு தமிழ் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை கையில் சிவப்புப் பேனா இருந்தது. உங்கள் வேலையை நான் செய்துவிட்டேன், மன்னியுங்கள்.

முதலில் கோடு போட்ட இடம் 'உரக்கடை'. உருவக அணி நடத்துகிறவர் நீங்கள். மரத்தில் அடைந்திருக்கும் பறவைக் கூட்டத்தை உரக்கடை என்று ஒரே சொல்லில் சொன்ன மனிதரைப் பற்றி, 'அவர் ரசனை அவ்வளவுதான்' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியை உங்கள் மாணவி ஒருத்தி எழுதியிருந்தால் எவ்வளவு மார்க் போடுவீர்கள்? வானம் எழுதிய மடலுக்கு எவ்வளவு?

அப்பா சொன்னதில் மிகையும் இல்லை. அந்த ஏரி பிழைத்ததே அந்தக் கணக்கில்தான். பறவை எச்சம் தண்ணீரில் கரைகிறது, தழைச்சத்தோடு வயலுக்குப் பாய்கிறது, நெல் செழிக்கிறது. அதனால் ஊர்க்காரர்கள் அந்தப் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாக யாரையும் தொட விடவில்லை. பறவைகளைக் காக்கும் அந்த உரிமையை 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் ஏற்றுக்கொண்டார். உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் வேடந்தாங்கல் சேர்ந்தது 2022-ல்தான். அதற்கு இருநூறு வருடங்களுக்கு மேல் முன்பிருந்தே அதைக் காத்தவர்கள் உங்கள் அப்பா போன்ற விவசாயிகள். அழகுக்காகக் காப்பாற்றினீர்களா, உரத்துக்காகவா என்று அவரிடம் கேட்டிருந்தால் கேள்வியே அவருக்குப் புரிந்திருக்காது. நீங்கள் பத்தாவது வரை வளர்ந்தது அப்படிப்பட்ட கண்களோடு. பைனாகுலரோடு வந்து "ஆஹா" சொல்கிற பார்வை உங்களுக்குப் பிற்பாடு வந்து சேர்ந்தது. அதில் நீங்கள் ஃபெயில் ஆனதாக எழுதியிருக்கிறீர்கள். சரி, ஆகட்டுமே.

இரண்டாவதாக, 'ஏனோ' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டேன். டிரைவர் எச்சத்தைத் துடைத்துத் திட்டியபோது உங்களுக்கு ஏன் சிரிப்பு வந்தது? அவர் துடைத்துப்போட்டது உரக்கடைச் சரக்கு. அந்த நகைச்சுவை வேனில் வேறு ஒருவருக்கும் புரிந்திருக்காது. புரிந்து கூடச் சிரித்திருக்கக்கூடிய ஒரே ஆள் இப்போது இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதிலும் உங்களுக்கு உண்மையாக ஏதோ ஒன்று 'தோன்றிய' நேரம் அதுதான் என்று நினைக்கிறேன். அது குழுவுக்கு அனுப்புகிற மாதிரி இல்லாததால் நீங்கள் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றாவது கோடு அந்தத் திருப்பத்தில். நேரமாகிவிட்டது என்ற காரணத்தை நான் அப்படியே ஏற்கவில்லை, நீங்களும் ஏற்றிருக்க மாட்டீர்கள்.

துக்கம் எல்லோருக்கும் அழுகையாக வருவதில்லை. சிலருக்கு மரத்துப்போதலாக வரும். பல்லுக்கு ஊசி போட்டால் உதடும் சேர்ந்து மரத்துவிடுகிறதே, அதுபோல ஒரு வலியை உணராமல் இருக்கப் போய் சந்தோஷமும் உறைக்காமல் போகிறது. அப்பா இல்லாத அப்பாவின் ஊருக்குப் பதினான்கு பேரோடு போய், நல்ல நினைவு எதுவும் மேலே வந்துவிடாமல் விடைத்தாளையும் கேஸையும் நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். ஒரு கடிதத்தை வைத்துச் சொல்கிறேன், இது தவறாகவும் இருக்கலாம். ஆனால் 'அங்கே ரொம்ப' என்று எழுதியது நீங்கள்.

'ரசி' என்று மனசுக்குக் கட்டளை போட்டதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'தூங்கு' என்று சொல்லித் தூக்கம் வருமா? கட்டளை போட்டதும் கண் ஏரியை விட்டுவிட்டு நம்மைப் பார்க்க ஆரம்பிக்கிறது: வருகிறதா, இன்னும் வரவில்லையா என்று. 2020-ல் கலிபோர்னியாவில் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். வயதானவர்களை எட்டு வாரம், வாரம் ஒருமுறை கால் மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். ஒரு பாதிப் பேரிடம் மட்டும், வழியில் இருப்பதைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பாருங்கள் என்றார்கள். ஒவ்வொரு நடையிலும் செல்ஃபி எடுக்க வேண்டும். வாரங்கள் போகப் போக, அப்படிப் பார்த்தவர்களின் செல்ஃபியில் அவர்கள் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது, பின்னால் இருந்த மரமும் வானமும் பெரிதாயின. உங்களுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். கவிதை கேட்டுப் பதினான்கு பேர் காத்திருக்கும்போது யாருக்குத்தான் முகம் சிறுக்கும்!

அடுத்தது நீங்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டிய விஷயம். சொந்தப் பெயர் தொலைந்துபோன ஒரு சங்கப் புலவரை அவர் பாட்டில் வந்த காட்சியை வைத்தே அணிலாடு முன்றிலார் என்கிறோம். ஆள் இல்லாத வீட்டு வாசலில் ஒரு அணில் விளையாடுகிறது, அவ்வளவுதான் காட்சி. அந்த அணிலைப் பார்க்க அவர் வேன் பிடித்துப் போயிருக்க மாட்டார். அந்த அணில் மகிழ்ச்சியான பாட்டிலும் வரவில்லை. அன்புக்குரியவர் பக்கத்தில் இல்லாத வெறுமையைச் சொல்ல வந்த இடத்தில் வருகிறது. வெறுமை போன பிறகுதான் அழகு தெரியும் என்று நீங்கள் காத்திருப்பதாக எனக்குப் படுகிறது. அவர் காத்திருக்கவில்லை.

என்ன செய்யலாம்? குழுவை விட வேண்டாம், நல்ல மனிதர்களாகத்தான் தெரிகிறார்கள். அடுத்த தடவை கேட்டால், "இந்த மாசம் கவிதைக்கு லீவு" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். இரண்டு தடவை சொன்னால் மூன்றாவது தடவை கேட்க மாட்டார்கள். அப்புறம், பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா சொன்ன இன்னொரு பேச்சு ஞாபகம் வந்தால் அவர் சொன்ன மாதிரியே எழுதி வையுங்கள். உவமை சேர்க்காதீர்கள், இலக்கணம் திருத்தாதீர்கள். உரக்கடை என்று சொன்னவர் அந்த ஒன்றோடு நிறுத்தியிருக்க மாட்டார். மழையை என்ன சொன்னார், மாட்டை என்ன சொன்னார், உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்?

சீசன் மார்ச் வரை இருக்கும். அதற்குள் ஒருநாள், ஞாயிறு வேண்டாம், வீட்டுக்காரரோடு அந்தத் திருப்பத்தில் திரும்பிப் போய் வாருங்கள். ஏரிக்கு அல்ல, வயலுக்கு. குத்தகைக்காரரிடம் பேசுங்கள், வரப்பில் உட்காருங்கள். அழுகை வரலாம். வெயில் சுள்ளென்று அடித்து, 'எதற்கு வந்தோம்' என்று எரிச்சல் மட்டுமே வரலாம். எது வந்தாலும் சரி.

ஒரு எச்சரிக்கையும் சொல்லி வைக்கிறேன். பறவைக்கும் கவிதைக்கும் அப்பால், பிடித்த சாப்பாடு, பிள்ளைகள், தூக்கம் என்று எதிலும் ருசி இல்லாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றினாலோ, தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. இப்போது நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் நீங்கள் இல்லை.

போய் வந்த பிறகு எனக்கு எழுதுங்கள். கவிதை வேண்டாம். அந்த ஒன்றரை ஏக்கரில் இந்தப் போகம் என்ன போட்டிருக்கிறார்கள், உரக்கடைத் தண்ணீர் இன்னும் மதகு வழியாக வருகிறதா, அதை மட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்