பினாயில், கிராம்பு, முந்திரி, பூனை: பீனால் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் பீனால்களைச் சுற்றியே இருக்கின்றன. ஆறு கார்பன் அணுக்களாலான பென்சீன் வளையத்தில் நேரடியாக ஓஹெச் தொகுதி (ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன்) ஒட்டியிருந்தால் அது பீனால். கூடவே வேறென்ன ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து மருந்தாகும், கிருமிநாசினியாகும், கையையும் பொசுக்கும்.

கே: கருப்புப் பினாயில் தண்ணீரில் பால் மாதிரி வெளுத்தால்தான் ஒரிஜினலா?

ப: அப்படி இல்லை. நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த கிரெசால் என்ற பீனால் வகைகளைச் சோப்போடு சேர்த்திருப்பார்கள். தண்ணீர் பட்டதும் அவை நுண்துளிகளாகப் பிரிந்து வெள்ளையாகத் தெரியும். வெறும் எண்ணெயும் சோப்பும் கலந்தாலும் இதே வெள்ளைதான். லேபிளைப் படித்து வாங்குங்கள்.

கே: பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் வைக்கலாமா?

ப: ஒரு ராத்திரியைக் கடத்த உதவும். அதிலுள்ள யூஜினால் என்ற பீனால் மரத்துப்போகச் செய்யும். பல் மருத்துவர்களே அதை ஜிங்க் ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாக அடைப்பார்கள். நேரடியாக ஈறில் விட்டால் வெந்துவிடும். வலி நின்றாலும் சொத்தை அங்கேயேதான் இருக்கும்.

கே: பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிறார் அம்மா. கை கருத்துத் தோல் உரிகிறது. வறுத்ததைவிடப் பச்சைக் கொட்டைதான் மோசம் என்கிறார். உண்மையா?

ப: உண்மைதான். ஓட்டுக்குள் இருக்கும் பழுப்பு எண்ணெயில் பெரும்பங்கு அனகார்டிக் அமிலம், கூடவே கார்டால்; இரண்டும் பீனால்கள்தான். சூடேறினால் அனகார்டிக் அமிலம் கார்பன் டை ஆக்சைடை இழந்து, உக்கிரம் குறைந்த கார்டனாலாக மாறும். கார்டால் மிச்சமிருப்பதால் வறுத்ததும் முழுக்கச் சாது அல்ல. இவற்றின் நீண்ட கார்பன் வால்தான் தோலுக்குள் இறங்க வழி செய்கிறது. மாம்பால் பட்டு உதட்டோரம் புண்ணாவதும் இதே உறவுக்காரர்களால்தான். மாவும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பம்.

தண்ணீரில் கரையாத எண்ணெய் இது. வேலைக்கு முன் விளக்கெண்ணெய் தடவுவது நல்ல பழக்கம். நைட்ரைல் கையுறை இன்னும் நல்லது. முடிந்ததும் சமையல் எண்ணெயால் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு போடச் சொல்லுங்கள். அம்மா கையை உரிக்கிற இதே எண்ணெய் பிரேக் லைனிங்குக்கும் பெயின்ட்டுக்கும் விலைபோகிறது. அந்தக் காசில் கையுறை வாங்கித் தர முதலாளிகளுக்கு என்ன தயக்கமோ!

கே: பூனைக்குக் காய்ச்சல். கால் மாத்திரை பாராசிட்டமால் கொடுக்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம், அதுவும் பீனால்தான். நம் கல்லீரல் பீனாலைக் குளுக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை வகை அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றிவிடும். பூனைக்கு அதற்கான நொதி மிகக் குறைவு. கால் மாத்திரையே உயிரைப் பறிக்கலாம். கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். பினாயில் போட்டுத் துடைத்த தரையிலும் காயும்வரை விடாதீர்கள், பாதத்தை நக்கும்.