நீளக் காற்சட்டை போட்ட பிள்ளை

கேள்வி: எங்கள் நாய்க்கு ஐந்து வயது. கத்தாருக்குப் போகும்போது, வீட்டுக்குக் காவல் என்று என் கணவர் குட்டியாகக் கொண்டுவந்து விட்டது. மீன்காரரையும் பக்கத்து வீட்டு அக்காவையும் ஏற்கனவே கடித்தது. இப்போது ஒன்பது வயது மகனையும் கடித்துவிட்டது. அவன் சொல்லாமல் நான்கு நாள் நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு திரிந்தான். தம்பி வாகரைக் காட்டில் விடலாம் என்கிறான். ஊசி போட்டுக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாவம் இல்லையா? (களுவாஞ்சிக்குடி வாசகி)

பதில்: தங்கச்சி, இந்த வெயிலில் வீட்டுக்குள் நீளக் காற்சட்டையோடு திரிந்த பிள்ளையை நான்கு நாளாக ஏன் என்று கேட்கவில்லையா? கிணற்றடியிலும் காலைப் பார்க்கவில்லையா? "இன்னொருக்காக் கடிச்சா ஊசிதான்" என்று அவன் காதுபடப் பேசியிருப்பீர்கள். தான் வாய் திறந்தால் நாய் செத்துவிடும் என்று பிள்ளை பயந்திருக்கிறான். நீங்கள் எடுக்காமல் தள்ளிப்போட்ட முடிவை ஒன்பது வயதுக்காரன் சுமந்திருக்கிறான். அதுதான் எனக்குக் கோபம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்படி கடிதம் கிடைத்த அன்றே போனில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்: நாய் கடித்தால் உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். விசர்நாய்க்கடியின் குணங்குறி தெரிந்தபிறகு ஆளைக் காப்பாற்றுவது அநேகமாக நடக்காத காரியம். அரச ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் காசில்லை.

நாயை அவசரப்பட்டுக் கொல்லவும் வேண்டாம். கடித்த நாளிலிருந்து 14 நாள் கட்டிவைத்துப் பாருங்கள். சுகமாக இருந்தால் கடித்த நேரம் அதற்கு விசர் இல்லை. இடையில் செத்தால் புதைக்காமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) சொல்லுங்கள். தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் சோதிப்பார்கள்.

வாகரைப் பேச்சை விடுங்கள். பசியோடு அலைகிற கடிநாய் அங்கே இன்னொரு தாயின் பிள்ளையிடம்தான் போய் நிற்கும். பாவம் என்றால் எனக்கு அதுதான் பாவம்.

மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். காதிலோ பல்லிலோ நோவு இருந்தாலும் நாய் சீறும். அப்படி ஒன்றும் இல்லையென்றால், மூன்று பேரைக் கடித்ததைப் பிள்ளை விளையாடும் வளவில் வைத்திருக்க ஒண்ணாது. 14 நாள் முடிந்ததும் ஊசிதான் வழி. முதலில் மயக்கி, பிறகு உயிரை நிறுத்தும் ஊசியைப் போடுவார்கள். தம்பியிடம் கொடுத்தனுப்பாதீர்கள். ஐந்து வருடம் உங்கள் கையால் சோறு தின்ற உயிர் அது. கண் மூடும்வரை தலையைத் தடவிக்கொண்டு நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மகனிடம் "நாய் ஓடிப்போச்சு" என்று பொய் சொல்லாதீர்கள். "இது அம்மா எடுத்த முடிவு மகன், உன்னால இல்ல" என்று சொல்லி, அந்தக் காலை மடியில் வைத்து மருந்து போட்டுவிடுங்கள். அன்றிரவே கத்தாரிலிருந்து அவரும் எடுத்து மகனிடம் இதையே சொல்லட்டும். குட்டியைக் கொண்டுவந்து விட்டவர் அவர்தானே.